மன்னார்க் கோட்டையைப் பார்ப்பதும் படம்பிடிப்பதும்: வன்னியிலிருந்து போகிறவர்களிடம் சில கேள்விகள்

கனகராயன் (நெடுங்கேணி) – இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நெடுங்கேணிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் ஒளிப்படக் கழகத்தில் பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பழைய கமராக்களும் பிள்ளைகளின் வீட்டாருடைய கைப்பேசிகளும்தான் எங்களிடம் உள்ள கருவிகள். மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் அவர்களை மன்னார்க் கோட்டைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன்.

முதலில் ஒரு வெட்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தலைமன்னாரில் உள்ள உறவினர் வீட்டுக்கும், மன்னார் நகரில் விடைத்தாள் திருத்தும் கடமைக்கும் என்று இருபது தடவைக்கு மேல் அந்தப் பாதையால் போயிருக்கிறேன். பாலம் கடந்து பேருந்து தீவுக்குள் நுழைந்ததும் கோட்டைச் சுவர் யன்னலுக்கு வெளியே வந்து போகும், நான் பையை எடுத்து மடியில் வைப்பேன். எனக்குக் கோட்டை என்றால் இறங்க ஆயத்தப்படும் இடம் என்ற அளவில்தான் இருந்திருக்கிறது. வகுப்பில் போர்த்துக்கேயர் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகள் யாழ்ப்பாணக் கோட்டையின் படத்தைக் காட்டினார்கள். நம்முடைய பக்கத்தில் இருக்கும் கோட்டையின் நல்ல படம் ஒன்று அவர்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

எந்த நேரத்தில் போனால் வெளிச்சம் நன்றாக இருக்கும், உள்ளே எதைப் பார்க்க வேண்டும், கமராவுடன் போவதற்கு யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா, பிள்ளைகள் மேலே ஏறலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாந்தைக்காற்று (முருங்கன்)

ஆசிரியருக்கு வணக்கம். நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். கோட்டைக்குள் எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வவுனியாவிலிருந்து பூவரசங்குளம், பறயனாலங்குளம், மடுச்சந்தி, முருங்கன், உயிலங்குளம், தள்ளாடி என்று வருவீர்கள். தள்ளாடி கழிந்ததும் இருபுறமும் ஆழமற்ற கடல் விரியும். அந்த இடத்திலேயே வாகனத்தை ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளை இறக்குங்கள். கோட்டையைப் பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள இந்த நீரைக் கடந்து யார் போகிறார், எந்தத் தோணி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே அந்தக் கோட்டை அந்த இடத்தில் கட்டப்பட்டது. நீர் தெரியாமல் எடுத்த மன்னார்க் கோட்டைப் படம் எனக்கு ஒரு பழைய சுவரின் படமாகவே தெரிகிறது. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பத்துக்கு ஒன்பது அப்படிப்பட்டவைதான்.

பாடத்துக்கு வேண்டிய ஆண்டுகளையும் தருகிறேன். 1544 இல் மன்னாரில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர்களை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொல்வித்தான். 1560 இல் கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கேயப் பதிலாளுநர் கொன்ஸ்தந்தினோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தார். அங்கே நிலைகொள்ள முடியாமற் போகவே மன்னாரில் கோட்டையை அமைத்து, புன்னைக்காயலில் இருந்த மக்களையும் இங்கே கொண்டுவந்து குடியேற்றினார். ஒல்லாந்தர் 1658 இல் அதைக் கைப்பற்றினார்கள். 1696 இல் திருத்திக் கட்டினார்கள். 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாற்புறச் சுவர், நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றிவர அகழி, உள்ளே கூரையிழந்த தேவாலயமும் வளைவு வாசல்களும் என்று அமைப்பு மிகவும் எளிமையானது. யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையின் பரப்பை எதிர்பார்த்து வருகிறவர்கள், 'இவ்வளவுதானா?' என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். சிறியதாக இருப்பதால்தான் ஒரே நாளில் பதினான்கு பிள்ளைகளால் அதை முழுவதும் பார்க்க முடியும் என்பதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லலாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, சூரியன் பெருநிலப் பக்கமாக எழுகிறது. காலையில் அந்தப் பக்கச் சுவரும், மாலையில் நகரத்தைப் பார்த்த சுவரும் வெளிச்சம் பெறும். மாசியில் சூரியன் 6.30 மணியளவில் எழுந்து மாலை 6.20 மணியளவில் மறையும். நெடுங்கேணியிலிருந்து விடியலுக்கு வந்து சேர வேண்டுமென்றால் பிள்ளைகள் நள்ளிரவு கழிந்ததும் எழும்ப வேண்டியிருக்கும், அது தேவையில்லை. பத்தரை மணிக்கு வந்து, உச்சி வெயிலில் தேவாலயத்துக்குள்ளும் வளைவுகளின் கீழும் இருந்துவிட்டு, நாலு மணிக்குப் பிறகு வெளிச் சுவருக்கு வாருங்கள். சிவராத்திரியை ஒட்டிய சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். திருக்கேதீச்சரத்துக்குப் போகும் கூட்டத்தால் பாதை நிறைந்திருக்கும்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று ஆளைத் தள்ளும், முக்காலியில் கமரா நிற்காது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தையும் மாசியும்தான் நல்ல காலம்.

வெள்ளைத்திரை (வவுனியா)

ஐயா சொன்னதோடு தொழில்முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். வவுனியாவில் கலையகம் வைத்திருக்கிறேன், திருமணப் படங்கள்தான் என் பிழைப்பு. மன்னார்க் கோட்டையில் குறைந்தது முப்பது சோடிகளையாவது படம்பிடித்திருப்பேன்.

உள்ளே இடம் குறுகலானது. 18 மில்லிமீற்றர் அளவிலான அகன்ற லென்ஸ் இருந்தால் நல்லது. ஆனால் அகன்ற லென்ஸைச் சற்று அண்ணாந்து பிடித்தாலும் சுவர்கள் பின்புறமாகச் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். கமராவை நேராகப் பிடித்துக்கொண்டு பின்னால் நகருங்கள். பின்னால் நகர இடமில்லாவிட்டால் மேற்பகுதியைத் தனியாக எடுத்துவிடுங்கள். வளைவு வாசலின் உள்ளிருந்து வெளியே பார்த்து எடுப்பதாக இருந்தால், வெளியே இருப்பது வெளுத்துப்போகும் அல்லது உள்ளே இருப்பது கறுத்துப்போகும். முக்காலியில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைக்கலாம். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டுவிட்டு எடுத்தால் போதும், இருண்ட பகுதியை ஓரளவு பின்னர் மீட்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. லென்ஸை உலர்ந்த துணியால் முதலில் துடைக்காதீர்கள், ஊதிய பிறகு துடையுங்கள். என் லென்ஸ் ஒன்றில் விழுந்த கீறல் அப்படித்தான் விழுந்தது.

வளைவுகளுக்குள் நிறப்புகை விட்டு எடுத்தால் படம் மிகவும் அழகாக வரும். பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும்.

ஒட்டுசுட்டான் மகள்

நிறப்புகை பற்றிய கடைசி இரண்டு வரிகளை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

என் ஊரிலிருந்து இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேலே முல்லைத்தீவு. அங்கேயும் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையொன்று இருந்தது. 1803 ஆவணி 25 அன்று பண்டாரவன்னியன் அதைத் தாக்கி ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான் என்று நாம் எல்லோரும் பேசுகிறோம், மேடைகளில் முழங்குகிறோம். அந்தக் கோட்டையைக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு ஏறத்தாழ எதுவும் இல்லை. அதே ஆண்டு ஐப்பசி 31 அன்று கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்த இடம் இதற்கு அண்மையில் என்று பொறித்து நட்ட கல்லை வைத்துத்தான் கற்சிலைமடுவை இன்று அடையாளம் சொல்கிறோம். தோற்றதற்குக் கல் இருக்கிறது, வென்ற கோட்டைக்கு ஒரு சுவர்ப் படம்கூட நம் கையில் இல்லை.

வன்னிக்காரர் யாருக்காவது ஒரு பழைய கட்டடம் முழுமையாக இல்லாமற் போவது எப்படி நடக்கிறதென்று விளக்க வேண்டியதில்லை. மன்னார்க் கோட்டை இப்போது நிற்கிறது. ஆசிரியர் பதினான்கு பிள்ளைகளைக் கொண்டுபோகிறார் என்றால், அவர்கள் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு மூலையையும் திகதியோடு எடுத்து வைக்கட்டும். அழகு பின்னால் வரட்டும். சுண்ணாம்புச் சாந்தின் மீது சாயப்புகை படிவதை நான் என் கண்ணாலேயே வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன், மூன்று மாரி கழிந்தும் இளஞ்சிவப்பு போகவில்லை.

வெள்ளைத்திரை (வவுனியா)

அக்கா, நான் பதினைந்து வருடங்களாக இதே தொழிலில் இருக்கிறேன், கோட்டையைக் கெடுக்க வேண்டுமென்ற எண்ணம் எனக்கில்லை. ஒன்றைக் கவனியுங்கள். என் படங்களைப் பார்த்துத்தான் புதுக்குடியிருப்பிலும் விசுவமடுவிலும் இருக்கிற இளம் சோடிகள் 'இந்த இடம் எங்கே இருக்கிறது?' என்று கேட்கிறார்கள். திகதி போட்ட சுவர்ப் படத்தைப் பார்த்து யாரும் மன்னாருக்கு வான் பிடித்ததாக நான் அறியவில்லை.

ஆனாலும் புகை விடயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், சாந்தில் படியும் என்று நான் யோசிக்கவில்லை. இனி விடமாட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளோடு போகிறவர் அறிந்திருப்பது நல்லது. சென்ற வருடம் சுவரின் மேல் மின்விளக்குத் தாங்கியொன்றை நிறுத்திவிட்டு மணமகனின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்யத் திரும்பினேன். காற்று ஒரு தடவைதான் அடித்தது. தாங்கி, விளக்கு, அதன் வெண்குடை எல்லாம் அகழிப் பக்கம் போய் விழுந்தன. மேலே ஓரத்தில் கைபிடிக் கம்பி எதுவும் இல்லை. விளக்கு நின்ற இடத்தில் என் உதவியாளர் தம்பி நின்றிருக்கலாம். அன்றிலிருந்து மேலே எதையும் நிறுத்துவதில்லை, சோடிகளையும் ஓரத்துக்கு அனுப்புவதில்லை.

கனகராயன் (நெடுங்கேணி)

இருவருக்கும் நன்றி. ஒட்டுசுட்டான் அக்காவின் பதிலை அதிபருக்கும் வாசித்துக் காட்டினேன். அனுமதி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. போர்க்காலத்தில் அந்தக் கோட்டையில் படையினர் நிலைகொண்டிருந்தார்கள், கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பதை அப்போது யாரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். இப்போதும் சில பெற்றோர், 'கோட்டையைப் படமெடுக்கப் போய்ப் பிரச்சினை வருமா சேர்?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சரியான பதில் சொல்ல விரும்புகிறேன்.

பறங்கியாறு (மல்லாவி)

தொல்லியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இத்தகைய இடங்களுக்குப் பொருந்தும். அதன்படி பெயர் கீறுவதும், கல்லைப் பெயர்ப்பதும், சேதம் விளைவிப்பதும் குற்றம். சாதாரணமாகப் பார்க்க வருகிறவர் கையில் கமரா வைத்துப் படமெடுப்பது வேறு, வருமானத்துக்காக நடத்தும் படப்பிடிப்பு வேறு. பின்னதற்குத் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும். பாடசாலைக் குழுவாகப் போகிறவர்கள் பாடசாலைத் தலைப்பில் ஒரு கடிதம் எழுதி முன்கூட்டியே திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, பிரதியைக் கையில் வைத்திருந்தால் பெற்றோருடைய கவலைக்கும் பதில் கிடைத்துவிடும். சீருடையினர், காவலரண், பாதுகாப்புத் தரப்பினரின் கட்டடங்கள் ஆகியவற்றைப் படச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு வாகனத்திலேயே சொல்லிவிடுங்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட வேண்டும், அந்தப் பேச்சை இந்தத் தடவை விட்டுவிடலாம்.

மேலே ஏறி நின்று படம் எடுப்பதைப் பற்றி ஒரு விடயம். 2019 இல் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஹொரவப்பொத்தானைப் பக்கத்திலுள்ள கிராலகல தூபியின் மீது ஏறி நின்று எடுத்த படங்களை முகநூலில் போட்டதற்காகப் பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டு, பின்னர் தலா 50,000 ரூபா தண்டம் செலுத்தி வெளியே வந்தார்கள். அது வழிபாட்டோடு தொடர்புடைய சின்னம், கோட்டைச் சுவரும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் 'ஏறக்கூடியதாக இருக்கிறது, எனவே ஏறினேன்' என்ற பழக்கத்தைப் பதினான்கு வயதிலேயே உடைத்துவிடுவது நல்லது.

இனி, பதிவு செய்யும் முறை. ஒட்டுசுட்டான் அக்கா கேட்கிற வேலையைக் கைப்பேசியிலேயே செய்யலாம். ஒரு பிள்ளை சுவருக்கு நேர் எதிரே, எப்போதும் ஒரே தூரத்தில் நின்றுகொண்டு, பக்கவாட்டாக ஓரடி நகர்ந்து ஓரடி நகர்ந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் பாதிக்கு மேல், அறுபது வீதமளவு திரும்பவும் இடம்பெற வேண்டும். இடையில் சூம் செய்யக் கூடாது. இப்படி எடுத்த படங்களைக் கணினி மென்பொருள் இணைத்துச் சுவரின் முப்பரிமாண வடிவத்தை உருவாக்கிவிடும். அளவு தெரிவதற்காக ஒவ்வொரு தொடரிலும் ஓர் அடிமட்டத்தையோ, கறுப்பு வெள்ளையாகப் பட்டை தீட்டிய தடியையோ சுவரோடு சாய்த்து வையுங்கள், சுவரில் ஒட்டவோ அறையவோ வேண்டாம். எழுத்துப் பொறித்த கல் எதையாவது கண்டால் சோக்குக் கட்டியால் எழுத்துகளை நிரப்பி எடுக்கும் பழைய வழக்கத்தை மறந்துவிடுங்கள். குடையால் வெயிலை மறைத்து, பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் எழும்பி நிற்கும். மாலை வெயில் சுவரைச் சரிவாகத் தடவும்போதும் இதே பயன் கிடைக்கும், நாலு மணிக்குப் பிறகு வெளிச் சுவருக்கு வரச் சொன்ன ஐயாவின் யோசனை அதனாலும் சரியானது.

ஒரு பிள்ளையிடம் கமரா கொடுக்காமல் கொப்பி கொடுங்கள். எத்தனையாவது படம், எந்தச் சுவர், எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்று அந்தப் பிள்ளை எழுத வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு எல்லாச் சுவர்களும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மாந்தைக்காற்று (முருங்கன்)

தம்பி மல்லாவிக்காரர் எழுதியதை வாசித்தபோது எனக்கு வயது குறைந்தது போலிருந்தது. நாங்கள் சங்கிலி இழுத்து அளந்ததைப் பிள்ளைகள் கைப்பேசியால் அளக்கப் போகிறார்கள்.

படங்களுக்குக் கீழே எழுதும் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரக் கோயிலை இடித்து அந்தக் கற்களால் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வோம், என் தாத்தாவும் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அதையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் 'ஊரில் இவ்வாறு சொல்லப்படுகிறது' என்று எழுதட்டும். ஒரு குறிப்பிட்ட கல்லைப் படம்பிடித்து 'இது கோயிற் கல்' என்று பெயரிட வேண்டுமானால் அதில் சிற்ப வேலைப்பாடு தெரிய வேண்டும். கண்ணில் பெரும்பாலும் படுவது முருகைக்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான்.

மற்றொரு செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அது வன்னிக் காட்டுக்குச் சொந்தமான செய்தி. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679 இல் தன் கூட்டாளி ஒருவருடன் தப்பி, நாம் அருவியாறு என்றும் சிங்களவர் மல்வத்து ஓயா என்றும் சொல்லும் ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த ஒல்லாந்தர் அவர்களை மன்னார்க் கோட்டைக்கு அனுப்பிவைத்தார்கள். யானைக் காட்டைக் கடந்து வந்த அந்த இருவரும் நீருக்கு அப்பால் இந்தச் சுவரைக் கண்டபோது அது எப்படித் தெரிந்திருக்கும்? பாலத்தடியில் நிற்கும் பிள்ளையிடம் அதைக் கேட்டுவிட்டு, பிறகு கமராவைக் கையில் கொடுங்கள்.

பூநகரிப் பனை

திரும்பும்போது வெள்ளாங்குளம் வழியாக ஏ32 பாதையால் வந்தால் பூநகரிக் கோட்டையையும் பார்க்கலாம். நெடுங்கேணிக்குச் சுற்றுத்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். அதுவும் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் வைத்திருந்ததே. சதுரமான சிறிய கோட்டை, நான்கு மூலைக்குப் பதிலாக எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டும் கொத்தளம். போரில் மிகவும் அடிபட்டது. படம் பிடிக்கிறவர்கள் கண்ணைக் கமராவில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்கும் பழக்கத்தை எங்கள் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். கண்ணிவெடியைப் பற்றி வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளைத்திரை (வவுனியா)

தை, மாசியில் பாலத்தடியில் பூநாரைகள் நிற்கும். கொழும்பிலிருந்து நீண்ட லென்ஸோடு வருகிறவர்கள் வங்காலைச் சரணாலயத்தையும் பூநாரையையும் எடுத்துக்கொண்டு, கோட்டையைத் திரும்பியும் பாராமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் அதற்கு மறுதலையாகப் பூநாரையை விட்டுவிட்டு வரக் கூடாது. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் எனக்கு அனுப்புங்கள், என் கலையகச் சுவரில் பெரிதாக அச்சிட்டு மாட்டுகிறேன், காசு வேண்டாம்.

கனகராயன் (நெடுங்கேணி)

போய் வந்துவிட்டோம். கடிதத்தின் பிரதியை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அது பையில் இருந்ததால் எனக்கு நெஞ்சிடி இல்லை. ஒரு தந்தையாரின் வானில் ஐந்தரைக்குப் புறப்பட்டு, மடுச்சந்தியில் தேநீர் குடித்து, ஒன்பதேமுக்காலுக்குப் பாலத்தடியில் இறங்கினோம். நொக்ஸின் கதையை அங்கே வைத்தே சொன்னேன். பிள்ளைகள் சிறிது நேரம் பேசாமல் நின்றார்கள், பிறகு ஒருவன், 'சேர், அந்த ஆள் வரும்போது பாலம் இல்லையே, அப்ப எப்படிக் கடந்தவர்?' என்று கேட்டான். அந்தக் கேள்வியிலேயே கோட்டைக்கு வேண்டிய பாடம் தொடங்கிவிட்டது.

உள்ளே தேவாலயத்தில் மதிய வெயில் நேராக இறங்கியது. வெள்ளைத்திரைத் தம்பி சொன்ன மூன்று படங்களை இணைக்கும் முறையில் நான்கு பிள்ளைகள் வளைவு வாசலை எடுத்தார்கள், இரண்டு நன்றாக வந்திருக்கின்றன. ஒரு கழுதை எங்கள் பின்னாலேயே வந்து, வாசலை நேராக எடுக்க முயன்ற ஒவ்வொரு முறையும் நடுவில் நின்றது. அதைத் துரத்துவதா, சட்டத்துக்குள் வைத்துக்கொள்வதா என்று வாக்கெடுப்பு நடத்தினோம், கழுதை வென்றது. மன்னாரின் படத்தில் கழுதை இருப்பதில் பிழையில்லை என்றே நானும் நினைக்கிறேன்.

மேலே எவரையும் ஓரத்துக்கு விடவில்லை. கீழே நின்றே எடுத்தோம், தொடர் படங்களுக்கு அதுவே வசதியாகவும் இருந்தது. இரண்டு சுவர்கள் முழுமையாக முடிந்தன. மூன்றாவது சுவரில் பற்றை நெருங்கி நின்றதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மொத்தம் 412 படங்கள்.

நாலு மணிக்குப் பிறகு நடந்ததை மட்டும் சற்று விரித்து எழுதுகிறேன். வெயில் சரிந்து சுவரைத் தடவத் தொடங்கியபோது, பகல் முழுவதும் தட்டையாகவும் சாம்பல் நிறமாகவும் தெரிந்த கற்களில் குழி குழியாக நிழல் விழுந்தது. ஒன்பதாம் தரத்து மாணவியொருத்தி தாயாரின் கைப்பேசியைக் கல்லுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தந்தை காட்டுக்குத் தேனெடுக்கப் போகிறவர். 'சேர், கல்லுக்குள்ளே தேன்வதை இருக்குது' என்று கூப்பிட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். முருகைக்கல்லில் ஒவ்வொரு சிற்றுயிரும் இருந்த அறை, அறைக்கும் அறைக்கும் நடுவில் மெல்லிய சுவர், அந்தச் சுவரின் விளிம்பு வெயிலில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. பல்லாண்டுகளாகப் புத்தகத்தில் 'முருகைக்கல்லால் கட்டப்பட்டது' என்று வாசித்துக் காட்டியிருக்கிறேன், ஆனால் அது கடலுக்குள் உயிரோடு இருந்த பொருள் என்பதை அன்று மாலைதான் என் விரல் நுனியால் அறிந்தேன். பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து அவள் எடுத்த படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு படங்கள் முன்னர் எடுத்த 37 ஆம் படத்தையும் பாருங்கள், அதில் முருகைக்கல் வரிசைக்கு நடுவில் செங்கல் வரிசையொன்று திடீரெனத் தொடங்குகிறது.

பூநாரைகள் தொலைவில் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் வந்தன, கலையகச் சுவருக்கு உதவாது. பூநகரிக்குப் போக நேரம் இருக்கவில்லை.

ஒட்டுசுட்டான் மகள்

412 படங்களையும் ஒரே இடத்தில் மட்டும் வைக்காமல் குறைந்தது மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்றை வன்னிக்கு வெளியே வைத்திருங்கள். எங்கள் வீட்டில் ஒரேயொரு றங்குப் பெட்டியில் எல்லாப் படங்களையும் வைத்திருந்தோம்.

மாந்தைக்காற்று (முருங்கன்)

தேன்வதைப் படத்தை என் மனைவிக்கும் காட்டினேன், அவர் கைப்பேசியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

ஆசிரியரிடம் 37 ஆம் படத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். செங்கல் வரிசை தொடங்கும் இடத்தில் சாந்தின் நிறமும் மாறுவது போலத் தெரிகிறது. ஒரு காலத்தில் திருத்திக் கட்டிய இடமாக இருக்கலாம், அல்லது வெறும் ஈரக் கசிவாகவும் இருக்கலாம். காலை வெளிச்சத்தில் பார்த்தால் பிரித்தறியலாம். அது எந்தச் சுவர், வாசலிலிருந்து எவ்வளவு தூரம்?

கனகராயன் (நெடுங்கேணி)

ஐயா, எனக்கு நினைவில்லை. கொப்பி வைத்திருந்த பிள்ளையிடம் கேட்டேன். அவள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "37. நகரப் பக்கச் சுவர். வாசலின் வலது ஓரத்திலிருந்து 42 காலடி. நேரம் 4.50. அடிமட்டம் இடப் பக்கம். கழுதை இல்லை."

மாந்தைக்காற்று (முருங்கன்)

நல்லது. வருகிற செவ்வாய்க்கிழமை மன்னார் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிளினிக் இருக்கிறது, காலை ஏழு மணிக்கே போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கு முன்னர் அந்தப் பிள்ளையை நடக்கச் சொல்லி, காலடியொன்றின் நீளத்தை அளந்து எழுதிவிடுங்கள்.